மார்கழிக் கச்சேரிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இளையராஜா, ஏ.ஆர்.ரஹ்மான், சந்தோஷ் நாராயணன், அனிருத் என்று நாள் முழுக்க ஹெட்போனும் கையுமாக இருக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பிடித்த பாடகர் வருகிறார் என்றால் நந்தனம் மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மூன்று மணி நேரம் நின்றே பாட்டுக் கேட்பவர்கள் நீங்கள். அதே சென்னையில், டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை, தினமும் காலையிலிருந்து இரவு வரை பல மேடைகளில் நேரடி இசை நடக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதிக்குக் கட்டணமே இல்லை. ஆனாலும் "அது நமக்குப் புரியாது", "அங்கே நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்" என்ற இரண்டு தயக்கங்கள் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

முதல் தயக்கம் தேவையற்றது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்குள் பாதி ராகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டாவது தயக்கத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரியில் தொடங்காதீர்கள். உங்கள் வயதை ஒட்டியவர்கள் பாடும் மதியக் கச்சேரியில் தொடங்குங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு யோசனையைச் சுற்றித்தான் போகிறது.

இந்த விழா எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாதெமி உருவானது. ஆண்டுதோறும் டிசம்பரில் இசை விழா என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்து, மற்ற சபாக்களும் (கச்சேரி நடத்தும் சங்கங்கள்) சேர்ந்துகொள்ள, இன்றைய 'சீசன்' ஆயிற்று. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்ததற்கும் இந்தப் பாரம்பரியம் ஒரு முக்கியக் காரணம்.

நவம்பரில்: காதைத் தயார் செய்வது

சீசனுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். புத்தகம் வேண்டாம், எழுபத்திரண்டு தாய் ராகங்களைக் காட்டும் மேளகர்த்தா அட்டவணையும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு ராகம் போதும். தெரிந்த சினிமாப் பாட்டிலிருந்து அதே ராகத்தில் உள்ள கீர்த்தனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம் ரீதிகௌளை. 1977-ல் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' கேளுங்கள். உடனே 2008-ல் ஜேம்ஸ் வசந்தன் இசையில் வந்த 'கண்கள் இரண்டால்' கேளுங்கள். இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகள், முற்றிலும் வேறு வாத்தியங்கள், வேறு காலம். ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு வளைவு, ஒரு நெளிவு இருப்பது கேட்கும். ரீதிகௌளை நேராக ஏறி நேராக இறங்கும் ராகம் இல்லை, திரும்பித் திரும்பிப் போகும் ராகம். அந்த நெளிவு காதில் ஏறிய பிறகு பாபநாசம் சிவனின் 'தத்வமறிய தரமா', சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' இரண்டையும் யூடியூபில் தேடிக் கேளுங்கள். முதல் தடவை அந்நியமாக இருக்கலாம். நான்கைந்து நாள் கழித்து, பேருந்தில் போகும்போது வாய் தானாக முணுமுணுக்கும். அப்போது அடுத்த ராகத்துக்குப் போகலாம்.

இரண்டாவது வாரம் மோகனமும் ஹம்ஸத்வனியும், சேர்த்தே. மோகனத்தின் சுரங்கள் ச ரி க ப த. ஹம்ஸத்வனியின் சுரங்கள் ச ரி க ப நி. ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், 'த' இருந்த இடத்தில் 'நி'. ஆனால் கேட்கும்போது இரண்டும் வேறு வேறு வானிலை. மோகனத்துக்கு 1988-ல் வந்த 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டு இருக்கிறது. அதன் பல்லவியே ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் புகழ்பெற்ற மோகன வர்ணத்திலிருந்து (வர்ணம் என்பது கச்சேரித் தொடக்கத்தில் பாடும் உருப்படி) வந்ததுதான், அசல் வர்ணத்தையும் கேட்டுவிடுங்கள். ஹம்ஸத்வனிக்கு முத்துசாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்'. இந்த ராகத்தையே உருவாக்கியவர் அவருடைய தந்தை ராமசாமி தீட்சிதர் என்பார்கள். ஒரு சுரம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதை இந்த ஜோடி மாதிரி வேறு எதுவும் கற்றுக்கொடுக்காது.

மூன்றாவது வாரம் கல்யாணி. 'ஜனனி ஜனனி', 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' இரண்டும் உங்களுக்குத் தெரியும். ஒன்று பக்தி, மற்றொன்று காதல், ராகம் ஒன்றே. அங்கிருந்து பாபநாசம் சிவனின் 'உன்னையல்லால் வேறே கதி', தியாகராஜரின் 'நிதி சால சுகமா' என்று போகலாம். செல்வம் சுகமா, ராமன் சன்னதியில் சேவை சுகமா என்று கேட்கும் பாட்டு அது. அரசவை அழைப்பை மறுத்து அவர் பாடியதாகச் சொல்லும் கதையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நான்காவது வாரம் புதிய ராகம் எதுவும் வேண்டாம். பழைய ஒலிப்பதிவுகளில் ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். என் சிபாரிசு மதுரை மணி ஐயர். அவர் பாடும் சுரங்களில் இருக்கும் துள்ளலும் சந்தோஷமும் இன்றைய இளைஞருக்கு எளிதில் ஒட்டும். அவர் பாடிய 'எப்போ வருவாரோ' (கோபாலகிருஷ்ண பாரதியின் ஜோன்புரிப் பாட்டு) ஒன்று போதும். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள், எம்.எல்.வசந்தகுமாரி, ஜி.என்.பாலசுப்பிரமணியம் எல்லோரும் காத்திருப்பார்கள், அவசரமில்லை.

எந்தக் கச்சேரி, எந்த நேரம்

நவம்பர் கடைசி வாக்கில் சபாக்கள் நிகழ்ச்சி நிரலை வெளியிடத் தொடங்கும். நாளிதழ்களிலும் இணையத்திலும் கிடைக்கும். நாள் ஒன்றை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் நிரல் உடனே புரிந்துவிடும். காலையில் பேச்சும் செயல்விளக்கமும், மதியம் இளைய கலைஞர்கள், மாலை நான்கு மணி சுமாருக்கு நடுத்தர அனுபவம் உள்ளவர்கள், ஆறரை ஏழு மணிக்கு மூத்தவர்கள். பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

மதியத்தை நான் வலியுறுத்துவதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. மதியம் பாடுபவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் தன்னை நிரூபித்தாக வேண்டும், அடுத்த ஆண்டு நான்கு மணிக்கு உயர வேண்டும் என்ற பசி இருக்கும். அரங்கம் பாதிதான் நிரம்பியிருக்கும் என்பதால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வயலின்காரர் பாடகரைப் பார்த்துப் புன்னகைப்பதைக்கூடக் கவனிக்கலாம். இப்போது மாலைக் கச்சேரிகளில் அரங்கம் நிறைக்கும் பலர் ஒரு காலத்தில் இதே மதிய வெயிலில், இதே காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்கள்தான். ஒருவரை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, ஆண்டுக்காண்டு அவர் வளர்வதைப் பார்ப்பது பெரிய ஆனந்தம். இதை வேறு எந்த இசை விழாவும் இவ்வளவு சுலபமாகத் தருவதில்லை.

இடங்களைப் பொறுத்தவரை, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் மூன்றையும் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மியூசிக் அகாதெமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன. மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், லஸ் பக்கம் ராக சுதா ஹால், கொஞ்சம் தள்ளி மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். தி.நகரில் ஜி.என்.செட்டி சாலையில் வாணி மஹால், அப்புறம் கிருஷ்ண கான சபா. பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மயிலாப்பூர் அரங்குகள் நடந்துபோகும் தூரம்தான். ஒரே நாளில் இரண்டு கச்சேரி கேட்பதென்றால் ஒரே பேட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். தி.நகரிலிருந்து பாரிமுனைக்கு மாலை நேரத்தில் ஓடினால் வர்ணமும் போச்சு, நிம்மதியும் போச்சு.

சின்ன அரங்கை முதலில் தேர்ந்தெடுங்கள். ராக சுதா மாதிரி இடத்தில் பாடகரின் மூச்சே கேட்கும். பெரிய அரங்கில் ஒலிபெருக்கியை நம்பித்தான் கேட்க வேண்டியிருக்கும், சில இடங்களில் மிருதங்கம் காதைப் பிளக்கும்.

உள்ளே போனதும் என்ன நடக்கும்

இன்றைய கச்சேரியின் அமைப்பை வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கு முன்பு ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரிப்பது சாதாரணம். அவர் பல பாட்டு, பல ராகம், பல வேகம் என்று கலந்து, கேட்பவர் அலுக்காத ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். அந்த வரிசை தெரிந்திருந்தால் எந்தக் கச்சேரியிலும் நீங்கள் தொலைந்துபோக மாட்டீர்கள்.

மேடையில் நடுவே பாடகர். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம், பின்னால் தம்பூரா. சில சமயம் கடம், கஞ்சிரா, மோர்சிங் என்ற தாள வாத்தியங்களில் ஒன்று கூடவே வரும். வயலின் மேற்கத்திய வாத்தியம்தானே என்று கேட்கலாம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டு ஆகிறது, இப்போது அது நம் வீட்டுப் பிள்ளை.

முதலில் பெரும்பாலும் வர்ணம். குரல் சூடாவதற்கும், பக்கவாத்தியங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கும் இது. அடுத்து ஒரு விநாயகர் பாட்டோ, விறுவிறுப்பான கீர்த்தனையோ வரும். ஹம்ஸத்வனியோ மோகனமோ வந்தால் நவம்பரில் செய்த பயிற்சி இங்கேயே பலன் தந்துவிடும்.

பிறகு ஒரு பாட்டுக்கு முன்னால் பாடகர் சொற்கள் இல்லாமல், தாளம் இல்லாமல் 'ததரி', 'ஆ', 'நா' என்று பாடத் தொடங்குவார். இதுதான் ஆலாபனை. அந்த நிமிடம் கற்பனையில் உதிப்பது, எழுதி வைத்தது இல்லை. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கவனம் சிதறிப் போனை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். ஆலாபனை எங்கே போகிறது என்று கவனிக்க ஒரு வழி சொல்கிறேன். பாடகர் எந்தச் சுரத்தில் வந்து வந்து நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். முதலில் கீழே நிற்பார், கொஞ்ச நேரம் கழித்து நடுவில், அப்புறம் மேல் ஸ்தாயி. மேலே போய் நின்று ஒரு சுரத்தை நீட்டும்போது அரங்கம் அசையும். பிறகு வேகமான பிருகாக்களோடு (சரசரவென்று உருளும் சுரக்கொத்துகள்) இறங்கி வந்து முடிப்பார். வயலின்காரர் அதே ராகத்தைத் தன் வழியில் சுருக்கமாக வாசிப்பார். இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள், கைதட்டல் இரண்டுக்கும் உண்டு.

கீர்த்தனை பாடி வரும்போது ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், இசையை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது நிரவல். எனக்குக் கச்சேரியில் மிகப் பிடித்த பகுதி இதுதான். நல்ல பாடகர் அந்த வரியின் பொருளை உணர்ந்து பாடினால், ஒரே வாக்கியம் பத்து விதமாகக் கெஞ்சும், சண்டை போடும், அழும். நிரவலுக்குப் பிறகு கல்பனாஸ்வரம். 'ச ரி க ம' என்று சுரங்களையே கோத்துப் பாடி, ஒவ்வொரு முறையும் பாட்டின் அதே இடத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில். கடைசியில் ஒரு கோர்வை, அதாவது தாளக் கணக்கோடு கோத்த சுர வரிசை, வைத்து முடிப்பார். பாடகரும் வயலினும் மாறி மாறிப் பரிமாறிக்கொள்ளும் இந்த இடத்தில் இளைஞர்களுக்குத் தானாகவே உற்சாகம் வந்துவிடும்.

கச்சேரியின் பாதியைத் தாண்டியதும் ஒரு பெரிய உருப்படி வரும். கல்யாணி, தோடி, சங்கராபரணம், காம்போதி, பைரவி மாதிரி கனமான ராகம். ஆலாபனை, நிரவல், சுரம் எல்லாம் விரிவாக இருக்கும். அதன் முடிவில் தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. மூத்த கலைஞர்கள் சில நாள் இதற்குப் பதிலாகவோ கூடுதலாகவோ ராகம் தானம் பல்லவி பாடுவார்கள், ஆலாபனை, தானம், ஒரே ஒரு வரியை விரிக்கும் பல்லவி என்று மூன்று பகுதியாக. அதில் 'ஆனந்தம்', 'அனந்தம்' என்ற அசைகளை வைத்து வீணை மீட்டுவதுபோல் வரும் தானத்தைக் கேட்கும்போது காலில் தாளம் தானாக வந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு துக்கடாக்கள். பதம், ஜாவளி, பாரதியார் பாட்டு, திருப்புகழ், விருத்தம், தில்லானா என்று சின்னச் சின்னதாக, மனசுக்கு நெருக்கமாக. தமிழ்ப் பாட்டுகள் அதிகம் வருவதும் இங்கேதான். தமிழை ஏன் கடைசியில் ஒதுக்கி வைக்கிறார்கள் என்ற கேள்வி உங்களுக்கு எழும். எழ வேண்டும். கடைசியில் மங்களம். அது தொடங்கினால் கச்சேரி முடிந்தது.

தாளம் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு மாதத்தில் ராகங்கள் எல்லாம் வசப்படாது. தாளம் ஒரே மாலையில் வசப்படும், கச்சேரி கேட்கும் அனுபவமும் அதோடு மாறிவிடும். ஆகவே இதைத் தவிர்க்காதீர்கள்.

பெரும்பாலான பாட்டுகள் ஆதி தாளத்தில் இருக்கும். எட்டு எண்ணிக்கை. வலது கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. நான்கு ஆயிற்று. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு. இது ஓர் ஆவர்த்தனம். வீட்டில் ஏதாவது சினிமாப் பாட்டுக்கு, நடுத்தர வேகத்தில் உள்ளதாகப் பார்த்து, இதைப் போட்டுப் பழகுங்கள். நம் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கின் மடங்கில் ஓடுவதால் சுலபமாக ஒட்டும்.

கச்சேரியில் முக்கிய உருப்படி வரும்போது பாடகரின் கை ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு தட்டையும் இரண்டு இரண்டாகப் போடுவதைப் பார்ப்பீர்கள். அது இரண்டு களை ஆதி. ரூபகம் மூன்று எண்ணிக்கையில் ஓடும். மிஸ்ர சாபு ஏழு: மூன்றும் நான்குமாக 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். கண்ட சாபு ஐந்து: 'தக தகிட'. இந்த நான்கும் தெரிந்தால் சாதாரணக் கச்சேரியில் வரும் பாட்டுகளில் பெரும்பகுதிக்குக் கை போட்டுவிடலாம். பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. அரை இடம், முக்கால் இடம் தள்ளியும் தொடங்கும், அதை எடுப்பு என்பார்கள். ஆகவே பாட்டைப் பார்த்துத் தாளத்தைக் கண்டுபிடிக்காதீர்கள். பாடகரின் கையைப் பாருங்கள். கை தெரியவில்லை என்றால் முன்வரிசையில் தாளம் போடும் மாமாவையோ மாமியையோ பாருங்கள், அவர்கள் தவற மாட்டார்கள்.

தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து போகாதீர்கள்

தனி தொடங்கியதும் அரங்கில் ஒரு பகுதி எழுந்து கேண்டீனுக்கோ வெளியிலோ போகும். எனக்கு ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்கு வாசித்துக் கொடுத்த மிருதங்கக்காரருக்குத் தன் கலையை முழுதாகக் காட்டக் கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அப்போது நாற்காலிகள் காலியாவது அவருக்குத் தெரியும்.

நீங்கள் உட்காருங்கள், கையில் தாளத்தை விடாதீர்கள். மிருதங்கமும் கடமும், அல்லது கஞ்சிராவும், மாறி மாறி வாசிப்பார்கள். முதலில் நீளமான சுற்றுகள், போகப் போக ஒவ்வொருவருடைய பங்கும் பாதி பாதியாகக் குறையும், அதனால்தான் அதற்குக் குறைப்பு என்று பெயர். பிறகு இருவரும் சேர்ந்து வாசித்து, முடிவு நெருங்குவதைச் சொல்லும் மோரா, கடைசியில் மூன்று முறை வரும் ஒரு கோர்வை. அது முடிந்து பாட்டின் முதல் சொல் விழும் இடத்தில் உங்கள் கையும் சரியாக வந்து விழுந்தால், அந்த நொடியில் அரங்கத்தோடு நீங்களும் சேர்ந்து கத்துவீர்கள். தாளப்பிரியர்களான இளைஞர்களுக்கு, இ.டி.எம். கேட்பவர்களுக்கும் ராப் கேட்பவர்களுக்கும், கச்சேரிக்குள் நுழையும் உண்மையான வாசல் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரங்க ஒழுங்கைப் பற்றிச் சில வரிகள் போதும். பாட்டுக்கு நடுவில் எழாதீர்கள், இரண்டு பாட்டுகளுக்கு இடையில் போகலாம், வரலாம். போனை அணைத்துவிடுங்கள், பதிவு செய்யாதீர்கள். ஜீன்ஸ், சட்டை போதும், பட்டு வேண்டாம். ஏ.சி. அரங்குகள் மார்கழியில் நடுங்க வைக்கும், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். ராகம் தெரியவில்லை என்றால் இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். யாராவது முகம் சுளித்தால் இடம் மாறி உட்காருங்கள், அவருக்காகப் பாட்டை விட்டுவிட வேண்டாம். சபா கேண்டீனில் வாழை இலை போட்டுச் சாப்பாடும், ரவா ரோஸ்டும், டிகிரி காபியும் கிடைக்கும். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மதியக் கச்சேரிக்குப் போனால் தாலாட்டு ராகமான நீலாம்பரி இல்லாமலே தூக்கம் வரும். டிபனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம்: மாலைக் கச்சேரிகள்

மதியத்தில் நான்கைந்து கேட்ட பிறகு மாலைக்கு டிக்கெட் வாங்குங்கள். எல்லோரையும் கேட்க ஓடாதீர்கள். இரண்டே பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் வேறு வேறு சபாவில் இரண்டு முறை கேளுங்கள். ஒரே பாடகர் இரண்டு நாள் இடைவெளியில் வேறு ராகம், வேறு மனநிலை, வேறு பக்கவாத்தியங்களோடு எப்படி மாறுகிறார் என்று பார்க்கும்போதுதான், இது ஒத்திகை பார்த்து ஒப்பிக்கும் இசை இல்லை என்பது முழுதாகப் புரியும்.

யாரைக் கேட்பது? அது உங்கள் ரசனை. ஆனால் சில குறிப்புகள் தருகிறேன். லயத்தோடு விளையாடுவது பிடிக்கும் என்றால் அபிஷேக் ரகுராம். மிருதங்க மேதை பாலக்காடு ரகுவின் பேரன், பாட்டிலும் அந்த ரத்தம் ஓடும். இரட்டைக் குரலின் பொருத்தம் பிடிக்கும் என்றால் ரஞ்சனி-காயத்ரி. பழைய பாணியின் ஆழத்தை இளம் குரலில் கேட்க ராமகிருஷ்ணன் மூர்த்தி. பாட்டு வேண்டாம், வாத்தியம்தான் என்றால் ஜெயந்தி குமரேஷின் வீணை. தமிழ்ப் பாட்டுகள் நிறைய வேண்டும் என்றால் சஞ்சய் சுப்ரமணியன், முழுக்கத் தமிழ்ப் பாடல்களை வைத்தே 'தமிழும் நானும்' என்று தனிக் கச்சேரிகள் நடத்தியவர். டி.எம்.கிருஷ்ணாவின் கச்சேரியில் நான் மேலே சொன்ன வரிசையே தலைகீழாகலாம், வர்ணம் நடுவில் வரலாம். வரிசையைத் தெரிந்துகொண்ட பிறகு அதை உடைப்பவரைக் கேட்பதில் ஒரு தனி ருசி உண்டு. 'அடியே' பாட்டால் உங்களுக்குத் தெரிந்த சித் ஸ்ரீராமும் கர்னாடக சங்கீதம் முறையாகக் கற்றவர், சீசனில் கச்சேரி செய்திருப்பவர். அவர் பெயர் நிரலில் இருந்தால் அது உங்களுக்கு நல்ல பாலம்.

நாதஸ்வரத்தை மறக்காதீர்கள். பல சபாக்களில் அதை விழாத் தொடக்கத்துக்கான மங்கல இசையாக மட்டும் வைத்துவிடுகிறார்கள். முழுக் கச்சேரியாக எங்கே கிடைத்தாலும் போய்விடுங்கள். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலிப்பதிவை ஒரு முறை கேட்டுவிட்டுப் போனால், ஆலாபனை என்ற கலையில் நாதஸ்வரத்துக்கு உள்ள இடம் என்னவென்று விளங்கும்.

சபாக்களுக்கு வெளியே

முன்பு சொன்ன இரண்டாவது தயக்கத்துக்கு வருகிறேன். சபா உலகம் நீண்ட காலமாக ஒரு சமூகத்தின் கூடாரமாகவே இருந்து வந்திருக்கிறது. கோவில் இசையைப் பரம்பரையாகக் காத்த இசை வேளாளர் குடும்பங்கள் வளர்த்த கலை என்பதைச் சபா மேடைகள் எளிதாக மறந்தும் இருக்கின்றன. அங்கே போகும் இளைஞர் சிலருக்கு அந்நியமாகத் தோன்றுவது அவர்கள் கற்பனை இல்லை. 1968-ல்தான் முதன்முதலாக ஒரு பெண் இசைக்கலைஞர், எம்.எஸ்.சுப்புலட்சுமி, அகாதெமியின் மிக உயரிய பட்டமான சங்கீத கலாநிதியைப் பெற்றார் என்பதும் நினைவில் இருக்கட்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே போங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு.

அதே சமயம் மார்கழி சபாக்களோடு முடிந்துவிடுவதில்லை. மேடையில் தமிழுக்கு இடம் கேட்டு எழுந்த இயக்கத்தின் பயனாக 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதன் இசை விழா டிசம்பரில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும். அங்கே முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை சொற்கள் உங்களுக்குப் புரியும். புதியவர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று போனால் தெரியும். பழைய தமிழ்ப் பாடலாசிரியர்களான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை பாட்டுகள் அங்கே கடைசி இருக்கைக்குத் தள்ளப்படுவதில்லை. சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்கள் தேவாரப் பண்களை (பழந்தமிழ் ராகங்களை) பாடிக்காட்டுவார்கள். மேகராகக்குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுவிட்டு நீலாம்பரி கேட்டால் இரண்டும் ஒன்றே என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

அகாதெமியில் காலை எட்டு மணி வாக்கில் தொடங்கும் லெக்-டெம்களுக்கும், அதாவது செயல்விளக்கத்தோடு கூடிய பேச்சுகளுக்கும், கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், சில நாள் மிகவும் நுணுக்கமாகப் போகும். தலைப்பைப் பார்த்து ஒரு ராகத்தைப் பற்றியோ ஒரு பாடகரின் பாணியைப் பற்றியோ இருந்தால் மட்டும் போங்கள்.

விடியலில் எழ முடிந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போங்கள். கபாலீசுவரர் கோவிலைச் சுற்றிப் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையை அவர் வழி வந்தவர்கள் தொடர்ந்து நடத்துகிறார்கள். மைக் இல்லை, மேடை இல்லை, கூடவே நடந்து கூடவே பாடலாம். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவில், கர்னாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் கேட்டிருக்கின்றன. அது நடக்கும் ஆண்டில் தவற விடாதீர்கள்.

சீசன் முடிந்த பிறகு

ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போய்வாருங்கள். தை மாதத்தை ஒட்டி வரும் பகுள பஞ்சமி அன்று (தேய்பிறைப் பஞ்சமி, அவர் மறைந்த திதி), காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள், ஐந்தும் ஆதி தாளம். போவதற்கு முன் சொற்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டால் நீங்களும் பாடலாம். அந்தச் சமாதிக் கோவிலைத் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆரம்பக் காலத்தில் அங்கே பெண்கள் பாட அனுமதி மறுக்கப்பட்டது, அதையும் எதிர்த்து நின்றவர் அவர். அவருடைய சமாதியும் அங்கேயே எதிரில் இருக்கிறது, ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் தேதி, அரங்கம், பாடியவர், பக்கவாத்தியம், பாட்டு, ராகம், தாளம் எழுதுங்கள். ராகம் தெரியாவிட்டால் 'அந்தச் சினிமாப் பாட்டு மாதிரி' என்று எழுதினாலும் போதும். வீட்டுக்கு வந்து பாட்டின் முதல் வரியைத் தேடினால் ராகம் கிடைத்துவிடும், பல சமயம் உங்கள் ஊகம் சரியாகவே இருக்கும். பிப்ரவரியில் அந்த நோட்டைப் புரட்டி, அடிக்கடி வந்த மூன்று ராகங்களையும் மிகப் பிடித்த ஒரு மதியப் பாடகரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடகர் ஆண்டு முழுக்கக் கோவில் விழாக்களிலும் சின்ன அரங்குகளிலும் பாடிக்கொண்டிருப்பார். பங்குனியில் ராம நவமிக் கச்சேரிகள் வரும்போது அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.